காமிரா வாங்கும் முன் ஒரு கறிவேப்பிலைச் செடி வையுங்கள்

தோட்டத்துப் பூச்சிகளை மிக அருகில் நெருங்கி, அவற்றின் கண்ணும் காலும் மயிரும் தெரியும்படி படம் எடுப்பதை 'மேக்ரோ' புகைப்படம் என்கிறார்கள். கைபேசியிலேயே ஓரளவு இது கைகூடிவிட்ட இக்காலத்தில், நம் சங்கக் குடும்பங்களிலும் பலருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்தக் காமிரா வாங்கலாம்?' என்பதாகவே இருக்கிறது.

என் கருத்தில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, 'எந்தச் செடியை நான் தினமும் பார்க்கப் போகிறேன்?' என்பது. இரண்டாவது, 'படம் எடுத்த பிறகு அந்தப் பூச்சியின் கதி என்ன?' என்பது. இவ்விரண்டுக்கும் விடை கண்டவருக்கு மூன்றாவது கேள்வி தானாகவே சிறுத்துப் போகும். விடை காணாதவர் லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கினாலும் அது ஆறு மாதத்தில் அலமாரிக்குள் போய்விடும். இந்தக் கருத்தை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

பூச்சிகளின் ஊர்

நான் வசிக்கும் குடுபல்லி, ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில் பாதையில் குப்பத்தை அடுத்து வரும் சிறிய நிலையம். சித்தூர் மாவட்டத்தின் மூலையில், மூன்று மாநிலங்கள் கூடும் இடத்தில் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சியைக் காட்டினால் ஒரு பிள்ளை 'சீதாகோக சிலுகா' என்று தெலுங்கில் சொல்லும். இன்னொன்று 'சிட்டே' என்று கன்னடத்தில் சொல்லும். நம் வீட்டுப் பிள்ளை 'பட்டாம்பூச்சி' என்று சொல்லும். பாறையும் முள்ளும் நிறைந்த மேட்டு நிலம். பார்ப்பவர்கள் 'இங்கே என்ன இருக்கிறது?' என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் பூச்சிகளைப் பொறுத்தவரை இது பணக்கார ஊர். இந்தப் பக்கத்து விவசாயிகளில் பலர் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். பட்டுப்புழு மருந்து வாடை தாங்காது. ஆகவே மல்பெரித் தோட்டத்தின் பக்கம் பூச்சிமருந்து தெளிப்பதில் மற்ற இடங்களைவிடக் கூடுதல் எச்சரிக்கை இருக்கிறது. ஒரு பூச்சியைக் காப்பாற்றப் போய், அதன் தயவில் நூறு பூச்சிகள் பிழைத்துக்கொள்கின்றன.

குடுபல்லிக்குப் பக்கத்தில் குடிவங்காவில், 1999இல் தொடங்கப்பட்ட அகஸ்தியா பன்னாட்டு அறக்கட்டளையின் அறிவியல் வளாகம் இருக்கிறது. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறையாக அறிவியல் சொல்லித்தரும் இடம். வறண்டு கிடந்த 172 ஏக்கர் நிலத்தில் மரமும் புதரும் வளர்ந்து இன்று பசுமையாக நிற்கிறது. செடி வந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் பறவை வரும். இதை ஏட்டில் படிப்பது ஒன்று, நின்று பார்ப்பது வேறு.

பிரெஞ்சு நாட்டின் பூச்சியியல் மேதை ஜான் ஹென்றி ஃபாபர், 1879இல் செரினியான் என்ற ஊரில் வாங்கிய நிலமும் உழவுக்கு உதவாத கல்லுக் காடுதான். 'ஹர்மா' என்று அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட தரிசுக்குப் பெயர். அந்த வேலிக்குள் அமர்ந்து குளவியையும் வண்டையும் கவனித்துக்கொண்டே 1915இல் இறக்கும்வரை வாழ்ந்தார். அவர் எழுதிய பூச்சி நினைவுகள் பத்துத் தொகுதிகள். உலகம் சுற்றாமல், ஒரே நிலத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர் கண்ட செல்வம் அது. ஆகவே 'எங்கள் ஊரில் காடு இல்லையே, நாங்கள் நான்காவது மாடியில் இருக்கிறோமே' என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஒரு செடி போதும்

ரயில்வேயில் 'கீமேன்' என்று ஒரு தொழிலாளி உண்டு. தனக்கு ஒதுக்கப்பட்ட சில கிலோமீட்டர் பாதையைத் தினமும் நடந்தே பார்ப்பது அவர் வேலை. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஒரு கொக்கி தளர்ந்திருந்தாலும், ஒரு ஜல்லி இடம் மாறியிருந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். அவருக்குத் தனியாக ஞானக்கண் எதுவும் இல்லை. நேற்று அந்த இடம் எப்படி இருந்தது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பாதைப் பிரிவில் பொறியாளராக வேலை பார்த்த காலத்தில் நான் கீமேன்களிடம் கற்ற பாடம் இது. பூச்சிப் படத்துக்கு இதைவிடச் சிறந்த விதி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கென்று ஒரு செடியை ஒதுக்கிக்கொள்ளுங்கள். தினமும் அதே செடியை, முடிந்தால் அதே நேரத்தில் பாருங்கள்.

எந்தச் செடி என்றால், நம் வீடுகளுக்குக் கறிவேப்பிலையைவிடப் பொருத்தமானது வேறில்லை. மும்பையானாலும் கொல்கத்தாவானாலும் சிங்கப்பூரானாலும் தமிழர் வீட்டு வாசலில் அல்லது பால்கனித் தொட்டியில் அது இருக்கும். இரண்டு வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதுதான் தாய்வீடு. ஒன்று எலுமிச்சை அழகி. கறுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்தது. மற்றொன்று கறிவேப்பிலை அழகி. ஆண் பூச்சி கறுப்பில் ஒரு வரிசை வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும்.

பெண் பூச்சி வந்து தளிர் இலையில் தன் வயிற்று முனையால் தொட்டுவிட்டுப் போகும். அவ்விடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் உருண்டையான வெளிர்மஞ்சள் முட்டை இருக்கும். சில நாளில் அதிலிருந்து வரும் புழுவைப் பார்த்தால் பறவை எச்சம் என்றே நினைப்பீர்கள். பழுப்பும் வெள்ளையும் கலந்து, ஈரப்பளபளப்போடு இலைமேல் கிடக்கும். குருவியே தன் எச்சம் என்று நினைத்து விட்டுவிட்டுப் போவதற்கான வேஷம் அது. மீண்டும் மீண்டும் தோலுரித்து வளர்ந்து, கடைசிப் பருவத்தில் கறிவேப்பிலையின் பச்சையிலேயே கரைந்துபோகும். அப்போது விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குப்போல் பிளவுபட்ட ஒரு சிவந்த கொம்பு வெளியே வரும். கூடவே ஒரு காட்டமான வாடை வரும். பயந்துபோன புழு எதிரியை விரட்டும் உபாயம் அது. ஒருமுறை பார்த்தால் போதும். அதையே விளையாட்டாக்கிப் புழுவை வாட்டக் கூடாது.

பிறகு ஒரு நாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, குச்சியில் தன்னை ஒரு பட்டு இழையால் இடுப்புவார் போட்டதுபோல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். முட்டையிலிருந்து சிறகு விரியும்வரை ஏறக்குறைய ஒரு மாதம். இந்த ஒரு மாதத்துக்குள், ஒரே தொட்டியில், உங்களுக்குக் கிடைக்கும் படங்கள் ஒரு கண்காட்சிக்குப் போதும்.

ஒரு நூதனமும் உண்டு. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு சாரார் ஆணைப்போல் இருப்பார்கள். மற்றவர்கள் பறவைகள் தின்ன அஞ்சும் நச்சு வண்ணத்துப்பூச்சிகளைப் போலச் சிவப்புப் புள்ளிகளோடு வேஷம் கட்டியிருப்பார்கள். படம் எடுத்துவைத்து ஒப்பிட்டால்தான் இரண்டும் ஓரினம் என்பதே விளங்கும்.

குளிர்நாடுகளில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். கறிவேப்பிலை அங்கே கூடத்துக்குள் ஒடுங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் வட அமெரிக்காவில் சோம்புச் செடியை வெளியே வைத்தால், இதே குடும்பத்தைச் சேர்ந்த கறுப்பு அழகி ஒன்று முட்டையிட வரும். எந்த நாட்டிலும் ஏதாவது ஒரு செடிக்கு ஏதாவது ஒரு விருந்தாளி இருக்கவே செய்வார். அந்த உறவைக் கண்டுபிடிப்பதுதான் முதல் படம் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

கருவிகளைப் பற்றி

இனி மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக வருகிறேன். மேக்ரோ என்பதற்கு இலக்கணம் எளிது. பூச்சி எவ்வளவு நீளமோ அதே நீளத்துக்கு அதன் பிம்பம் காமிராவுக்குள் விழ வேண்டும். அதை 'உயிரளவு' என்று சொல்லலாம். பெரிய வகைக் காமிராக்களில் பிம்பம் விழும் தளம் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ஆகவே 36 மில்லிமீட்டர் நீளமுள்ள கும்பிடுபூச்சி உயிரளவில் அந்தத் தளத்தையே நிரப்பிவிடும்.

தொடங்குபவருக்குக் கைபேசி போதும். பல கைபேசிகளில் இப்போது சில சென்டிமீட்டர் தூரம்வரை நெருங்கும் வசதி இருக்கிறது. இல்லாதவற்றுக்குச் சில நூறு ரூபாயில் கவ்விப் பிடிக்கும் சிறு லென்ஸ் கிடைக்கிறது. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கைபேசி லென்ஸின் முன் பிடித்தாலும் வியக்கத்தக்க படம் வரும்.

மகனோ மகளோ முன்பு வாங்கிய லென்ஸ் மாற்றும் காமிரா வீட்டில் சும்மா இருந்தால், புது லென்ஸ் வாங்காமலே வேலை ஆகும். காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் வெறும் குழாய்போன்ற ஒரு வளையத்தைச் செருகினால் லென்ஸ் இன்னும் நெருங்கிப் பார்க்கும். கணக்கு எளிது: 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 மில்லிமீட்டர் குழாய் போட்டால், கூடுதலாக அரை உயிரளவு கிடைக்கும். அதே 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட ஒரு வளையம் விற்கிறார்கள். அதில் ஏறக்குறைய உயிரளவே கிடைத்துவிடும். மாட்டும் தகட்டுக்குச் செலவு சொற்பம்.

நெருங்க நெருங்க ஒரு சங்கடம் கூடவே வரும். படத்தில் தெளிவாக விழும் ஆழம் குறைந்துகொண்டே போகும். உயிரளவில், காமிராவின் துவாரத்தை 'எஃப் 11' என்ற அளவுக்குச் சிறிதாக்கினாலும், தெளிவான ஆழம் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுதான். பிள்ளையார் எறும்பின் தலை தெளிவாக இருந்தால் வால்பக்கம் மங்கிவிடும். துவாரத்தை மேலும் மேலும் சுருக்கினால் ஒளியின் இயல்பினாலேயே படம் முழுவதும் மழுங்கும். ஆகவே இரண்டு விதிகள். பூச்சியின் கண் எப்போதும் தெளிவாக இருக்க வேண்டும். கண் தெளிந்தால் மற்றதை மனம் மன்னித்துவிடும். பக்கவாட்டில் எடுத்தால் காமிராவின் பின்பக்கமும் பூச்சியின் உடலும் இணைகோடுகளாக இருக்க வேண்டும். அப்போது அந்த ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள் முழு உடலும் முடிந்தவரை அடங்கும். 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓரிரு மில்லிமீட்டர் விலகலைத் தேடிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மற்றவர்களுக்கும் ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

நெருக்கத்தில் பட்டன் மூலம் கூர்மை தேடினால் காமிரா முன்னும் பின்னும் அலையும். கூர்மையை ஓரளவில் நிறுத்திவிட்டு, உங்கள் உடலையே ஒரு விரற்கடை முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். முழங்கையைத் தொடையிலோ தரையிலோ ஊன்றிக்கொண்டால் மூன்றுகால் தாங்கி தேவையில்லை. பிளாஷ் விளக்கு போட்டால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும்; விளக்கின் முன் டிரேசிங் தாளையோ மெல்லிய தெர்மோகோலையோ வைத்து ஒளியைப் பரப்பிவிட்டால் அது மறையும்.

நேரம் என்றால் விடியற்காலை. பூச்சிகளுக்கு உடம்பில் தனிச்சூடு கிடையாது. வெயில் ஏறி உடல் காய்ந்த பிறகுதான் சுறுசுறுப்பு வரும். பனி விழுந்த காலையில் தட்டான் இறக்கை முழுக்க நீர்முத்துக்களோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். அந்த அரைமணி நேரம், பத்தாயிரம் ரூபாய் லென்ஸ் செய்யாத உதவியைச் செய்யும்.

கருவி குறித்து ஒரு முன்னோடியையும் சொல்ல வேண்டும். தமிழ் நாவல் முன்னோடி அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996) இந்தியாவின் முதன்மையான இயற்கையியலாளர்களில் ஒருவர். அவர் யானைகளையும் மற்றக் காட்டு விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தது, பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே உருவாக்கிய ஒரு கருவியில். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். காட்டைப் பற்றி அவருக்கு இருந்த அறிவுதான் அந்தப் படங்களை எடுத்தது; கருவி அதற்குக் கைகொடுத்தது.

பூச்சியின் பக்கம் நின்று பார்த்தால்

இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். இதில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அதைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மரத்துப்போன பிறகு பூவின் மேல் உட்காரவைத்துப் படமெடுக்கும் வழக்கம் உலகெங்கும் சிலரிடம் இருக்கிறது. பசையால் ஒட்டி வைப்பவர்களும் உண்டு. படம் பளபளவென்று இருக்கும், பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அது பொய்ப் படம். தன் வாழ்நாளில் போகாத பூவில், தான் நிற்காத கோணத்தில் அந்தப் பூச்சி நிற்கிறது. செத்த பூச்சியை அலங்கரித்து வைப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதைச் செய்யும் தகப்பனைப் பார்த்து வளரும் பிள்ளை என்ன கற்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் விதி இது: நீங்கள் வந்ததற்கு அடையாளமே இல்லாமல் பூச்சி தன் வேலையைத் தொடர வேண்டும். இலையைக் கிள்ள வேண்டாம். கூட்டைப் பிரிக்க வேண்டாம். கல்லைப் புரட்டினால் மெல்ல அதே இடத்தில் திரும்ப வையுங்கள். கல்லைக் கையால் புரட்டவும் வேண்டாம்; நம் ஊர்க் கல்லடியில் தேள் இருக்கும். குளவிக் கூட்டுக்கும் தேன்கூட்டுக்கும் அருகே பிள்ளைகளைத் தனியே விடலாகாது. கம்பளிப்பூச்சியைப் படம் பிடிக்கலாம். கையால் பிடிக்கக் கூடாது.

படத்தோடு இடத்தையும் ஊருக்கு அறிவிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. இதற்கு ஆந்திரத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ரயில்வேக்கும் அதில் பங்குண்டு. அனந்தபூர் மாவட்டத்துக் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு பெரிய சிலந்தியை, 1899இல் ரெஜினால்ட் போகாக் என்ற ஆங்கில அறிஞர் புதிய இனமாக விவரித்து எழுதினார். நீல உலோகம்போல் மின்னும் சிலந்தி அது. சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சிக்கு ஆறு. ஆகவே அது பூச்சி அல்ல என்றாலும் நம் கட்டுரைக்குச் சொந்தக்காரர்தான். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் அதைப் பார்த்ததாக யாரும் பதிவு செய்யவில்லை. மரக்கட்டைகளோடு ரயிலேறி வேறு காட்டிலிருந்து குத்திக்கு வந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. பிறகு நடந்ததுதான் வருத்தம். அதன் நீல அழகே அதற்குப் பகையாகி, வெளிநாடுகளில் செல்லப் பிராணியாக விற்கப்படும் சரக்காகிவிட்டது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே அரிதான உயிர் எதையாவது கண்டால் படத்தைக் காட்டுங்கள், வழியைக் காட்டாதீர்கள்.

மருந்து விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதந்தோறும் செடிகளுக்கு மருந்தடிப்பதைச் சுத்தம் என்று எண்ணுகிறோம். நம் கறிவேப்பிலையில் ஐந்தாறு இலையைத் தின்னும் புழுவைக் கண்டதும் மருந்துப் புட்டியைத் தேடுகிறோம். அந்த இலையைத்தான் நாளை ரசத்தில் போடப் போகிறோம் என்பது மறந்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து செல்லும் கறிவேப்பிலையில் மருந்தின் எச்சம் இருக்கிறதா என்று ஐரோப்பிய ஒன்றியம் தனிக் கவனத்தோடு சோதித்து வந்திருக்கிறது என்பதை வெளிநாட்டு வாசகர்கள் அறிவார்கள். புழுவுக்குச் சில இலைகள், நமக்குச் சில இலைகள் என்று பங்கு போட்டுக்கொள்வதில் நமக்கு நட்டமில்லை. செடி மறுபடி துளிர்க்கும்.

'இதனால் என்ன பயன்?'

இது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு, பிள்ளைகள் படிப்பு கெடும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு பதில்கள்.

முதல் பதில், சிறியதைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்களால் நாட்டுக்கு உண்டான நன்மை. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்ற அயல்நாட்டுப் பூச்சி கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்த அது, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் பரவியது. மருந்துக்கு மருந்து அடித்தும் அடங்கவில்லை. அதன் மேல் படிந்த வெள்ளை மாவு மெழுகுபோல் மருந்தைத் தடுத்தது. பட்டு விவசாயிகள் மல்பெரியைப் பிடுங்கும் நிலை வந்தது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்துப் பெருக்கிக் கொடுத்தது. அவற்றில் முதன்மையான 'அசெரோபேகஸ்' என்ற குளவி ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அதைத் தீர்த்துவிடும். மருந்தால் முடியாததை அந்தச் சிறு குளவி சில பருவங்களில் முடித்தது.

இதற்கு எதிர்மாறான உதாரணமும் உண்டு. 1980இல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த பட்டுக்கூடுகளோடு 'ஊசி ஈ' என்ற ஈ கர்நாடகத்துக்குள் நுழைந்து, பட்டுப்புழுவின் மேல் முட்டையிட்டு அதைக் கொல்லத் தொடங்கியது. அது தாக்கிய புழுவின் தோலில் ஒரு சிறு கரும்புள்ளி தெரியும். அந்தக் கரும்புள்ளியை நேரத்தில் காண்பவர் தட்டைக் காப்பாற்றுவார். காணாதவர் கூட்டை இழப்பார். எங்கள் பக்கத்துப் பட்டு விவசாயி பள்ளி இறுதிவரை படிக்காதவராக இருக்கலாம். ஆனால் மில்லிமீட்டரைப் பார்க்கும் கண் அவருக்கு இருக்கிறது. பட்டணத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கண் வேண்டாமா?

இரண்டாவது பதில் நமக்கே உரியது. வெளியூரில் வாழும் நாம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்கிறோம், பாட்டும் பரதமும் கற்றுக்கொடுக்கிறோம். ஆனால் பெயர்களைக் கைவிட்டுவிட்டோம். தாழ்வாரத்து மணலில் புனல்போல் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானையை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அதுவே வளர்ந்து தட்டானைப்போல் சிறகு முளைத்துப் பறக்கும் என்பது பெரியவர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? பொன்வண்டு, பிள்ளைப்பூச்சி, சில்வண்டு, மின்மினி, முசுறு, கட்டெறும்பு, சுள்ளெறும்பு, முதல் மழையில் செம்பட்டாக ஊரும் இந்திரகோபம் என்று ஒவ்வொன்றுக்கும் நம் பாட்டிமார் பெயர் வைத்திருந்தார்கள். நாமோ எல்லாவற்றையும் 'பூச்சி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். பொருள் கண்ணில் படாவிட்டால் சொல் நாவில் நிற்காது.

புதுப் பெயர் வைப்பதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த செம்மஞ்சள் நிறப் பூச்சிக்குத் 'தமிழ் மறவன்' என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. இப்படி ஒன்று இருக்கிறது என்பதே நம் குடும்பங்களில் பலருக்குச் செய்தியாக இருக்கலாம்.

கணினியிடம் கேட்டால் நொடியில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் படத்தை வரைந்து கொடுக்கும் காலம் இது. அழகில் அதோடு நம்மால் போட்டி போட முடியாது. ஆனால் உங்கள் பால்கனிச் செடியில், இந்த வாரச் செவ்வாய்க்கிழமை காலையில், எந்த இலையில் எந்தப் புழு இருந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது. அதை உங்கள் பேத்தியால் சொல்ல முடியும். அந்த உண்மைதான் நம் படத்தின் மதிப்பு. ஆகவே படத்தோடு தேதி, நேரம், செடியின் பெயர், பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 36 படங்களோடு பிலிம் சுருள் தீர்ந்துபோன காலத்தில் ஒவ்வொரு படத்தையும் எண்ணி எடுத்தோம். இப்போது படத்துக்குச் செலவில்லை. அதனாலேயே குறிப்பு இல்லாத படம் ஆயிரக்கணக்கில் குவிந்து பயனற்றுப் போகிறது.

சங்கத்துக்கு ஒரு யோசனை

இதை வெறும் உபதேசமாக விடாமல் ஒரு திட்டமாகச் சொல்லி முடிக்க விரும்புகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நம் சங்கம் கோலப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் நடத்துகிறது. அவற்றோடு அடுத்த பொங்கல் விழாவில் ஒரு சிறு படக் காட்சியும் வைக்கலாம். 'ஒரு குடும்பம், ஒரு செடி' என்பது அதன் பெயராக இருக்கட்டும்.

விதிகள் நான்கே. ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு செடியில் ஓராண்டு எடுத்த பன்னிரண்டு படங்களைக் கொண்டுவர வேண்டும். அந்தச் செடிக்கு மருந்து அடித்திருக்கக் கூடாது. பூச்சியைப் பிடித்தோ குளிரவைத்தோ ஒட்டியோ எடுத்த படம் ஏற்கப்படாது. ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியும், பூச்சிக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன தமிழ்ப் பெயரும் எழுதியிருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பிள்ளைகளே ஒரு பெயர் சூட்டலாம். பரிசு கொடுப்பதானால் மிகக் கூர்மையான படத்துக்குக் கொடுக்க வேண்டாம். அது கருவிக்குக் கொடுத்ததாகிவிடும். மிக நல்ல குறிப்புக்குக் கொடுங்கள்.

இதனால் வேறொரு லாபமும் உண்டு. பூச்சியின் பெயர் கேட்டு ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்குப் பிள்ளைகள் தொலைபேசியில் அழைப்பார்கள். 'சாப்பிட்டாயா, பரீட்சை எப்படி' என்பதோடு முடிந்துபோகும் பேச்சுக்கு ஒரு விஷயம் கிடைக்கும். 'கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒன்று ஊர்கிறது, அது என்ன?' என்று ஒரு பத்து வயதுப் பெண் கேட்டால், அந்தப் பக்கத்திலிருந்து அரைமணி நேரம் பதில் வரும்.

காமிரா வாங்குவதானால் வாங்குங்கள், தடுக்கவில்லை. ஆனால் இந்த மாதமே ஒரு தொட்டியும் ஒரு கன்றும் வாங்கிவிடுங்கள். விலை நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அது துளிர்த்து முதல் முட்டை தெரியும் நாளில், கையில் இருப்பது எந்தக் காமிராவாக இருந்தாலும் போதும்.